தனுவும் தொண்டும்: உடற்பருமன் குறித்த ஒரு சைவசித்தாந்த நோக்கு

சைவசித்தாந்தம் உடலை உயிரின் பகையாகவும் கொள்வதில்லை. உயிர் தன் விருப்பம்போல் ஆளத்தக்க உடைமையாகவும் கொள்வதில்லை. ஆணவமலம் என்னும் அறியாமை இருளால் மறைக்கப்பட்டுக் கிடக்கும் உயிர் சிறிதேனும் அறியவும் விரும்பவும் செயற்படவும் வேண்டும் என்னும் கருணையினால், இறைவன் மாயையிலிருந்து நான்கினை ஆக்கி அதற்குக் கொடுக்கிறான் என்பது அந்நெறியின் அடிப்படைக் கொள்கை. தனு எனப்படும் உடல், கரணம் எனப்படும் மனம் முதலிய உட்கருவிகள், புவனம் எனப்படும் உலகம், போகம் எனப்படும் நுகர்ச்சி ஆகியனவே அந்நான்கு. இவ்வாறு ஒரு காரியத்தின் பொருட்டுத் தரப்பட்ட உடல், தன் எடையின் மிகுதியாலேயே அக்காரியத்துக்குத் தடையாகும்போது, அதனை உடையவர் செய்யத்தக்கது யாது, செய்வதற்கான ஊக்கம் அவருக்கு எங்கிருந்து வரும் என்னும் வினாக்கள் மருத்துவமனையோடு முடிந்துவிடுவதில்லை. சைவம் வீட்டு வழக்காகவும் வீதி வழக்காகவும் ஊறியிருக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் அவற்றைச் சமய வினாக்களாகவும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

உடற்பருமன் என்பது நலத்துக்குக் கேடு விளைக்கும் அளவுக்கு உடலில் கொழுப்புச் சேர்ந்திருக்கும் நிலை. கிலோகிராமில் கண்ட எடையை மீற்றரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துப் பெறுவது உடற்றிணிவுச் சுட்டி. அது 25ஐ எட்டினால் மிகையெடை என்றும் 30ஐ எட்டினால் உடற்பருமன் என்றும் உலக சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஆசிய மக்களிடையே நீரிழிவும் இதயநோயும் இவற்றிலும் குறைந்த எடையிலேயே தலைகாட்டுவதால், அவர்கள் 23ஐயும் 27.5ஐயும் கவனத்துக்குரிய எல்லைகளாகக் கொள்ளலாம் என்று அந்நிறுவனம் கூட்டிய நிபுணர் குழு 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவில் கூறியது. 2022ஆம் ஆண்டில் உலக மக்களுள் எட்டுப் பேருக்கு ஒருவர் உடற்பருமனோடு வாழ்ந்தார் என்பதும் அதே நிறுவனத்தின் கணக்கு. ஆகவே இது ஓர் ஊரின் ஒழுக்கக் குறைவு அன்று. உழைப்பும் உணவும் உலகெங்கும் மாறியதன் விளைவு.

அந்த மாற்றம் குடாநாட்டில் வெளிப்படையாகத் தெரிகிறது. ஆண்டு முழுதும் ஓடும் ஆறுகள் இல்லாத இந்நிலத்தில் தோட்டச் செய்கை கிணற்றையே நம்பியிருந்தது. துலாவின் மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கீழே இன்னொருவர் பட்டையைப் பிடித்து நீரை வாய்க்காலில் ஊற்றிய காலத்தில், வெங்காயமும் புகையிலையும் விளைந்த ஒவ்வொரு பாத்திக்குப் பின்னும் பல மைல் நடை இருந்தது. அந்நடையை நீரிறைக்கும் இயந்திரம் எடுத்துக்கொண்டது. 1990களில் எரிபொருள் தடைப்பட்டிருந்தபோது ஆசிரியரும் அலுவலரும் நோயாளியும் துவிச்சக்கரவண்டியிலேயே ஊர்விட்டு ஊர் சென்றனர். 2009இல் போர் ஓய்ந்தபின் மோட்டார் சைக்கிள் வீட்டு முற்றத்துக்கு வந்தது. ஒடியற்கூழும் குரக்கன் பிட்டும் இருந்த இடத்தைக் கோதுமை மாவும் பாணும் கொத்துரொட்டியும், நாளுக்குப் பலமுறை அருந்தும் சீனித் தேநீரும் பிடித்தன. இம்மாற்றங்களுள் பல துன்பத்தின் பின் கிடைத்த ஆறுதல்கள் என்பதால், அவற்றைக் கண்டிப்பது நேர்மையாகாது. ஆயினும் உடல் அவற்றின் கணக்கைத் தன்னிடத்தே பதிந்து வைத்திருக்கிறது.

மிகையான எடை முதலில் மனிதரின் பயணத்தையும் தொழிலையும் சுருக்குகிறது. முழங்கால் தேய்வுள்ள முதியோரிடையே நிகழ்ந்த ஆய்வொன்று, உடலெடை ஒரு கிலோ குறையும்போது ஒவ்வோர் அடிக்கும் முழங்கால் தாங்கும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று காட்டியது. எடை கூடும்போது மூட்டு படும் பாட்டை இதிலிருந்து உணரலாம். நெரிசல் மிகுந்த மினிபஸ்ஸின் உயரமான படியும், இருவர் இருக்கையில் பக்கத்திலிருப்பவரின் பார்வையும், குறிகட்டுவான் இறங்குதுறையில் ஆடிக்கொண்டிருக்கும் படகின் விளிம்பிலிருந்து உள்ளே காலை வைப்பதும் மெலிந்தவருக்கு ஒரு பொருட்டல்ல. கனத்த உடலினருக்கோ அவை ஒவ்வொன்றும் புறப்படுமுன் எண்ணிப் பார்க்க வேண்டிய தடைகளாகின்றன. அத்துறையிலிருந்து நயினாதீவு சென்று நாகபூசணி அம்மனைக் கும்பிட விரும்பியும், பிறர் கைகொடுத்துத் தூக்க வேண்டியிருக்குமே என்ற கூச்சத்தால் பயணத்தை ஆண்டுதோறும் தள்ளிப்போடுவோர் இப்படித்தான் உருவாகின்றனர். குந்தியிருந்து களை பிடுங்கும் தோட்டக்காரருக்கும், நாள் முழுதும் நின்று கற்பிக்கும் ஆசிரியருக்கும் தொழிலே நோவாகிறது. கழுத்தைச் சுற்றிய கொழுப்பு உறக்கத்தில் மூச்சுக்குழாயை நெருக்குவதால் இரவில் மூச்சு இடையிடையே தடைப்பட்டு, பகலில் தூக்கம் கண்ணை இழுக்கும் நிலை வாகனம் ஓட்டுவோருக்கு உயிராபத்தாகவும் முடியும்.

குடாநாட்டில் உடல் ஊரார் முன் முழுமையாக வெளிப்படும் இடம் கோயில். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் ஆண்கள் மேலாடை களைந்தே உள்ளே செல்ல வேண்டும்; 25 நாள் மகோற்சவக் காலத்தில் வெளிவீதியின் மணலில் ஆண்கள் அங்கப்பிரதட்சிணம் செய்ய, பெண்கள் நடந்து விழுந்து வணங்கி எழுந்து அடியழிக்கின்றனர். வேட்டியை இறுக்கிக் கட்டி, ஈர உடலில் மணல் ஒட்ட, கைகளைத் தலைக்குமேல் கூப்பிப் புரண்டுவரும் அடியவரின் உடல் பருத்ததா மெலிந்ததா என்று வீதியில் நிற்போர் கணிப்பதில்லை. அவர் நிறுத்திய இடத்தில் நீர் தெளித்து உதவுவதே அவர்கள் செயல். மேலாடை களையும் விதியின் உட்பொருளும் அதுவே: சந்நிதியில் எவ்வுடலும் மறைக்க வேண்டியதன்று. ஆயினும் அவ்விதியே பருத்த உடலினர் சிலருக்கு வெட்கமாகி, அவர்களைத் தேர்முட்டியின் நிழலோடு நிறுத்திவிடுவதும் உண்டு. எனவே சமய நோக்கில் முதலில் நீக்க வேண்டியது கொழுப்பு அன்று. அதன்மேல் சுமத்தப்பட்ட இழிவு. பேழை வயிற்றுப் பிள்ளையாரை முதலில் வணங்கியே எச்செயலையும் தொடங்கும் ஒரு சமூகம், வயிற்றின் அளவைக் குணத்தின் அளவாகக் கொள்வதற்குத் தன் சமயத்தில் எந்தச் சான்றையும் காட்ட முடியாது.

இழிவை நீக்கியவுடன் வினைக்கொள்கை பற்றிய ஐயம் எழுகிறது. உடல் அவரவர் முன்வினைப்படி அமைவது என்றால் முயற்சியால் ஆவது என்ன என்று சிலரும், இது அவரவர் தேடிக்கொண்ட வினை என்று வேறு சிலரும் கூறுவர். இரண்டும் கொள்கையைப் பாதியில் நிறுத்திக்கொண்ட கூற்றுகள். சித்தாந்தம் வினையை மூன்றாக வகுக்கிறது. பல பிறவிகளில் ஈட்டிக் குவிந்து கிடப்பது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென முகந்து வந்தது பிராரத்தம். அதனை நுகரும்போதே புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். பெற்றோரிடமிருந்து வந்த உடலமைப்பு, சிறுவயதில் கண்ட பசி, இடப்பெயர்வு, நாற்காலியோடு கட்டிப்போடும் தொழில் ஆகியன ஒருவர் தேர்ந்துகொண்டவை அல்ல. 1994ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட லெப்டின் என்னும் சுரப்பு கொழுப்புக் கலங்களிலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுசெல்வது என்பதும், எடை குறையும்போது அச்செய்தி மங்கிப் பசி பெருகி உடல் செலவிடும் சக்தி சுருங்குகிறது என்பதும் இன்று அறியப்பட்டவை. இழந்த எடையை மீட்க உடலே போராடுகிறது என்பதை அறிந்தபின், மீண்டும் பருத்தவரை மனவுறுதி அற்றவர் என்று பழிப்பது அறியாமையாகும். ஆனால் வந்ததை எவ்வாறு நுகர்வது என்பதில் இன்றைய செயலுக்கு இடம் உண்டு. ஆகாமியம் என்ற பகுப்பே அந்த இடத்தைக் காட்டுகிறது.

அவ்விடத்தில் நின்று செயற்படுவதற்கான ஊக்கம் எவ்வாறு பிறக்கிறது என்பதற்குச் சித்தாந்தத்தின் தத்துவப் பாகுபாடு நுட்பமான விடை தருகிறது. உயிருக்கு இச்சை, அறிவு, செயல் என மூன்று ஆற்றல்கள் உண்டு. மூன்றும் ஆணவத்தால் மறைந்திருக்க, மாயையின் காரியமாகிய கலை என்னும் தத்துவம் செயலாற்றலையும், வித்தை அறிவாற்றலையும், அராகம் இச்சையாற்றலையும் சிறிது சிறிதாக விளக்குகின்றன. அறிவதும் விரும்புவதும் செய்வதும் வெவ்வேறு திரைகளுக்குப் பின்னால் இருப்பன என்பதே இதன் கருத்து. நோயாளருக்கு எடையின் தீங்கை எடுத்துரைக்கும் கிளினிக் அறிவை மட்டும் விளக்குகிறது. கேட்டவர் தலையசைத்துவிட்டு வீடு திரும்பி வழக்கம்போல் உண்பதில் முரண்பாடு எதுவும் இல்லை, ஏனெனில் அவருடைய இச்சை வேறொன்றோடு கட்டுண்டிருக்கிறது. இச்சை எழுந்தும் முதல் வாரத்தோடு நின்றுவிடுவோரிடம் செயலாற்றலுக்குத் துணை போதவில்லை. ஊக்கத்தை ஒரே பொருளாக எண்ணி, அது இல்லை என்று தம்மையே நொந்துகொள்வோர், மூன்றில் எது மறைந்திருக்கிறது என்று தேடத் தொடங்கினால் வழி தெளிவாகும்.

இச்சையைத் திருப்புவதற்குச் சைவம் வகுத்த பயிற்சி விரதம். நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) தமது சைவ வினாவிடையில் விரதத்துக்குத் தந்த விளக்கத்தில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, உணவை முற்றும் விடுவதைப் போலவே அதனைச் சுருக்குவதையும் அவர் விரதமாக ஏற்கிறார். மற்றொன்று, மனம் பொறிகளின் பின்னே ஓடாது நிற்பதை நோக்கமாகவும், மனம், வாக்கு, காயம் மூன்றினாலும் அன்போடு வழிபடுவதை அதன் செயலாகவும் வைக்கிறார். கந்தசஷ்டியின் ஆறு நாளும் ஒறுத்திருந்துவிட்டு, பாறணை நாளில் வடையும் பாயாசமும் சர்க்கரைப் புக்கையுமாக ஒறுத்ததையெல்லாம் மீட்டுக்கொள்ளும் வழக்கம் விரதத்தின் கணக்கை நிறைவேற்றலாம், நோக்கத்தை நிறைவேற்றாது. நாவலரின் சொற்பொருளின்படி, நாள்தோறும் ஒரு பிடி சோற்றையும் ஒரு கரண்டிச் சீனியையும் அறிந்து குறைத்து அந்நேரத்தை வழிபாட்டுக்குத் தருவதும் விரதமே. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் உபவாசம் இருந்தால் குருதியில் குளுக்கோசு ஆபத்தான அளவுக்கு வீழலாம் என்பதால், அவர்களுக்குச் சுருக்குதலே தகுந்த விரதமாகும். உடலெடையில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கு குறைந்தாலே இரத்த அழுத்தமும் குளுக்கோசும் சீர்ப்படத் தொடங்கும் என்ற மருத்துவ அறிவு இச்சிறு சுருக்குதலுக்கு வலுச் சேர்க்கிறது.

செயலாற்றலுக்குத் துணை எது என்பதற்கு, உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் இயல்புடையது என்னும் கோட்பாடு விடை தருகிறது. மலத்தைச் சார்ந்தால் மலமாகவும் சிவத்தைச் சார்ந்தால் சிவமாகவும் விளங்கும் உயிர், தனித்து நின்று தன்னைத்தானே உந்திக்கொள்வதில்லை. தொண்டைமானாறு செல்வச் சந்நிதியில் வேலேந்திப் புறப்பட்டு முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு வழியாக உகந்தையைக் கடந்து, குமண, யால காடுகளினூடே கதிர்காமத்தை அடையும் பாதயாத்திரையில் வாரக்கணக்காக நடப்போருட் பலர் வீட்டிலிருக்கையில் சந்தைக்கும் நடவாதவர்கள். அவர்களை நடத்துவது தனித்த உறுதி அன்று; முன்னே செல்லும் வேலும், அருகே நடக்கும் அடியவரும், வழியூரார் இடும் அன்னமும் ஆகிய சார்பு. இவ்வளவு நெடிய நடை எல்லா உடலுக்கும் உரியதன்று. ஆனால் சரியை என்று சைவம் வகுத்த தொண்டுகளாகிய கோயில் வீதியைக் கூட்டுதல், நீர் சுமத்தல், நந்தவனம் பேணல், வலம் வருதல் யாவும் உடலை அசைத்துச் செய்வன. ஊர்க் கோயிலில் நாலுபேரோடு கூடி விடியலில் செய்யும் இப்பணி, தனியே எடுத்த தீர்மானம் நிலையாத இடத்திலும் நிலைக்கும். யாழ்ப்பாணத்து ஞானியாகிய யோகர் சுவாமிகள் (1872–1964) 1935இல் தொடங்கிய இதழுக்குச் சிவதொண்டன் என்று பெயரிட்டதும், வாழ்வின் எல்லாச் செயலையும் சிவதொண்டாக ஆற்றலாம் என்று அன்பரை வழிப்படுத்தியதும் இங்கு நினைக்கத்தக்கன.

இவ்வாறு கூறுவது பக்தியை மெலிவதற்கான உபாயமாக்கிவிடாதா என்ற தடை எழலாம். மெலிவே குறிக்கோளாகித் தொண்டு அதற்குக் கருவியானால் அத்தடை பொருந்தும். இங்குக் கூறப்படுவது அதன் மறுதலை. தொண்டே குறிக்கோள், உடல் அதற்குக் கருவி, எடைக்குறைவு அக்கருவியைப் பேணுதலின் ஒரு பகுதி. இவ்வரிசை தவறாதபோது உடலை வதைக்கும் மிகைக்கும் இடமில்லை. பெரியபுராணம் கூறும் அப்பரின் கயிலை யாத்திரையில், கால் தேய்ந்தபின் கையாலும் கை தேய்ந்தபின் மார்பாலும் ஊர்ந்து சென்ற அடியவரின் சிதைந்த உறுப்புகளை இறைவன் மீண்டும் நிறைவித்தே திருவையாற்றில் காட்சி கொடுக்கிறான். அந்த அன்பை ஏற்ற இறைவன் உடலின் அழிவைக் காணிக்கையாகக் கேட்கவில்லை. பட்டினி கிடந்து விரைந்து மெலிய முயல்வோர் இவ்வரலாற்றின் முடிவையும் சேர்த்தே கொள்ள வேண்டும்.

முயன்றும் எடை குறையாதவர் உண்டு. அவர் செய்த தொண்டும் காத்த அளவும் அதனால் வீணாவதில்லை, ஏனெனில் தராசின் எண் அவற்றின் பயன் அன்று. அவரைச் சூழ்ந்தோருக்கும் கடமை உண்டு. அன்னதானத்தில் மரக்கறியைக் கூட்டிச் சீனியையும் எண்ணெயையும் குறைப்பதும், தரையில் அமர இயலாதவருக்கு ஒரு வாங்கு போடுவதும், படகிலும் பஸ்ஸிலும் முகம் சுளியாது இடம் விடுவதும் கோயிலாரும் ஊராரும் உடனே செய்யக்கூடியவை. தனு இறைவன் தந்தது என்று ஒப்புக்கொள்ளும் சமூகம், தன் உடலைப் பேணுவதோடு பிறருடைய உடல் தொண்டுக்கும் தொழிலுக்கும் வந்துசேரும் வழியைத் திறந்துவைப்பதையும் தன் சமயக் கடனாகக் கொள்ள வேண்டும்.