வலிக்காத அடி

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து உருவமாகிறது. மிச்சத்தைக் கவிழ்த்துவிடுகிறார்கள். பிள்ளையாரானாலும் உள்ளே வெற்றிடம்தான். ஹாஸ்யக் கதைகளில் மோதிக்கொள்ளும் தெய்வங்களும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. அடித்துக்கொள்கின்றன, யாருக்கும் வலிப்பதில்லை.

வாளை உறையில் போடு என்று பேதுருவுக்குச் சொல்லப்பட்டதை விதிவிலக்கின்றி ஏற்கும் ஒரு கிறிஸ்தவன் இவற்றைப் படித்துச் சிரிக்கலாமா? இது தெய்வ நிந்தனை பற்றிய பிரச்னை அல்ல. பிறர் தெய்வங்கள்தானே என்ற சலுகையும் இங்கே உதவாது. அடிக்கு விளைவே இல்லை என்று மனத்தைப் பழக்குவது, யுத்தத்துக்குப் பழக்குவதில் பாதி.

தஞ்சையில் பிறந்த கிறிஸ்தவரான ஜே. சி. குமரப்பா இரண்டாம் உலக யுத்த வருஷங்களில் ஜபல்பூர் சிறையிலிருந்து யேசுவின் போதனை பற்றி எழுதினார். நூல் 1945இல் வந்தது. அதே யுத்தத்தின் நடுவே, 1943இல், 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வெளியாயிற்று. எழுதிய புதுமைப்பித்தனின் இயற்பெயர் இவ்வூரின் பெயரேதான். உலகம் எரிந்துகொண்டிருக்கையில், எரிக்கும் கண்ணுடையவர் சென்னைக்கு வருகிறார், யாரையும் எரிக்கவில்லை. காப்பி குடிக்கிறார், பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறார், நடனமாடிப் பிழைக்கப் பார்த்துத் தோற்கிறார். சிரிக்கிறோம், அவமானம் என்னவோ நம்முடையது.

இதற்கு வேர், பிட்டுக்கு மண் சுமந்த கதை. கூலியாளின் குறும்பு வரையில் அதுவும் ஹாஸ்யமே. பாண்டியன் பிரம்பை ஓங்கியதும் அடி எல்லா உயிர்கள் மீதும் விழுகிறது. ஓங்கியவன் முதுகும் தப்பவில்லை.

சிலுவையிலும் கடவுள் அடி வாங்குகிறார். ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மதுரையில் அடித்தவனுக்கும் வலிக்கிறது. கல்வாரியில் அடித்தவர்கள் உடைக்குச் சீட்டுப் போடுகிறார்கள். அவர்கள் முதுகில் தழும்பில்லை. போரை மறுக்கும் கிறிஸ்தவன் இந்த இரண்டாவதைத்தான் தேர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. தான் வாங்கும் அடி எதிரிக்கு என்றாவது வலிக்கும் என்பதற்கு அவனிடம் உத்தரவாதம் ஏதுமில்லை. மதுரையை அவன் பொறாமையோடுதான் பார்க்க முடியும்.

ஆகவே அவன் சிரிக்கலாம். தெய்வங்களை மோதவிடும் எழுத்தாளனிடம் அவன் பக்தியைக் கோர வேண்டியதில்லை, மரியாதையைக்கூட. கேட்க வேண்டியது ஒன்றுதான்: அடி யார் முதுகில் விழுந்தது? யார் முதுகிலும் இல்லையென்றால், அந்தச் சிரிப்பை அவன் மறுத்துவிட வேண்டும்.