பாஸிக்: காவலைவிட்டு வெளியேறியவன்



'பாஸிக்' என்னும் சொல் நம் பெரியவர்களின் பேச்சில் சாதாரணமாகப் புழங்கியது. நிகாஹ்வுக்குச் சாட்சி வைக்கும்போதும் ஆள் பாஸிக்கா என்று பார்த்தார்கள். இன்று அச்சொல் கிதாபுகளோடு நின்றுவிட்டது. சொல் மறைந்தால் பாவமும் மறைந்துவிடுமா?

பேரீச்சங்கனி தன் தோலைவிட்டு வெளிவந்தால் அரபிகள் 'பஸகத்' என்பார்கள். வளையைவிட்டு வந்து வீட்டைப் பாழாக்கும் எலிக்குப் 'புவைஸிகா' என்று பெயர். தோல் கனிக்குச் சிறையன்று, காவல். அதுபோல் அல்லாஹ்வின் கட்டளை என்னும் காவலைவிட்டு வெளியேறுபவனே பாஸிக். இப்லீஸ் ஸுஜூது செய்ய மறுத்ததைத் திருமறை (18:50) இச்சொல்லின் வேரைக் கொண்டே கூறுகிறது.

குடியும் சூதும் மட்டுமே 'பிஸ்க்' என்று எண்ணிவிடலாகாது. கடன் எழுதும் முறையைக் கூறும் ஆயத்தைப் (2:282) பாருங்கள். எழுதுபவரும் சாட்சியும் யாருக்கும் தீங்கு செய்யலாகாது. அவர்களுக்கும் யாரும் தீங்கு செய்யலாகாது என்று முபஸ்ஸிர்கள் இருவிதமாகவும் விளக்கம் தருகிறார்கள். அதை மீறுவதற்கு அல்லாஹ் இட்ட பெயர் 'புஸூக்'.

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் ஷிப்டு முறையில் உழைக்கும் நம் பிள்ளைகள் இதைச் சிந்திக்க வேண்டும். பிரஸ் மெஷினின் பாதுகாப்புக் கதவு சரியாக மூடுகிறதா, பிரேக் பாகம் அளவுக்கு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்திடுவோர் அவர்களில் உண்டு. பாராமலே 'சரி' என்று எழுதினால், அடுத்த ஷிப்டில் வருபவரின் விரல் போகலாம். அக்கையெழுத்தும் ஒரு சாட்சியமே!

"மேலதிகாரி சொன்னார், மறுத்தால் கீழ்ப்படியாமை என்று மெமோ வரும்" என்பார்கள். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு அந்தப் பயம் வீணானதன்று. ஆயினும் 1946ஆம் ஆண்டு விதிகளில் கண்ட மாதிரி நிலையாணைகளே, சட்டத்துக்கும் நியாயத்துக்கும் உட்பட்ட கட்டளையை வேண்டுமென்றே மீறுவதைத்தான் குற்றமாகக் கூறின. அதற்குச் சுமார் 1300 ஆண்டுகளுக்கு முன்பே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இந்த எல்லையை வகுத்துவிட்டார்கள். ஒரு படைத்தலைவர் கோபத்தில் தீ மூட்டி, அதில் இறங்குமாறு தம் வீரர்களுக்குக் கட்டளையிட்டார். அவர்கள் இறங்கவில்லை. இறங்கியிருந்தால் அதிலிருந்து மீண்டிருக்கவே மாட்டார்கள் என்றும், நன்மையானதில்தான் கீழ்ப்படிதல் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தியதைப் புகாரியில் காண்கிறோம்.

ஆகவே பொய்க் கையெழுத்தை மறுப்பவர் மாறு செய்பவர் அல்லர்; அதை வற்புறுத்துபவரே காவலைவிட்டு வெளியேறுகிறார். மறுத்ததால் ஒருவர் வேலை இழந்தால், அவரைத் தாங்குவது ஜமாஅத்தின் பொறுப்பு. தனியே நின்று உண்மை பேசு என்று மிம்பரில் சொல்லிவிட்டு, அவர் வீட்டு அடுப்பை நாம் மறந்துவிடலாமா?

தோலைவிட்ட கனி திரும்பத் தோலுக்குள் புகாது. மனிதனுக்கோ தவ்பாவின் வாசல் திறந்திருக்கிறது. வல்ல நாயன் நம் நாவையும் பேனாவையும் காப்பானாக! ஆமீன்.