புள்ளி முன்னா, பின்னா?

மேலூர், உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி மதுரைக்கு வந்து தமிழ்த் தட்டச்சு படித்தவர்களுக்கு ‘யளனகபக’ என்ற முதல் பாடம் ஆயுசுக்கும் மறக்காது. லோயர், ஹையர் தேர்வுகளில் தேறினால் அரசு வேலைக்கு உதவும் என்று பழகிய விரல்கள். அந்தத் தட்டச்சு இயந்திரத்தில் மெய்யெழுத்துக்குப் புள்ளியை முதலில் தட்ட வேண்டும், தாள் நகராது. அதன்பிறகே எழுத்து.

1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை இதைத் திருப்பிப் போட்டது: எழுத்து முதலில், புள்ளி பிறகு. உயிர் எல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். ‘மதுரை’க்கு ம, த, உ, ர, ஐ என 5 தட்டு போதும், ஆங்கில எழுத்தில் ஒலிப்படி ‘mathurai’ என்று அடித்தால் 8. ‘அம்மா’வுக்கு ம-வை இரண்டு முறை தட்டினாலே முதல் ம-வுக்குப் புள்ளி தானாக விழும். கைக்கு எவ்வளவு மிச்சம்!

பழைய தட்டச்சு கையில் ஊறியவர்கள் கணினியிலும் அதையே வைத்துக்கொள்ளலாம். மாறச் சொல்வது வீண் வம்பு. புதிதாகத் தொடங்கும் பிள்ளைகளுக்குத் தமிழ்99-தான் சரி. விண்டோஸிலேயே இருக்கிறது, காசு கிடையாது. ஆரம்பத்தில் ஆமை வேகம்தான். குனிந்து விசையைப் பார்க்காமல் அடித்துப் பழகுங்கள், பாதியில் விட்டுவிடாதீர்கள்.