இடப்பக்க இருக்கை

மே மாதம். புதுக்கோட்டை. பள்ளிக்கூட மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிறது. காகிதங்கள் படபடக்கின்றன. பிள்ளைகள் உள்ளங்கையால் அழுத்திக்கொள்கிறார்கள்.

விமானியாக ஆசைப்படும் பிள்ளைகளுக்கான கோடை முகாம். இங்கே விமானம் இல்லை. காற்று இருக்கிறது.

பால்சா மரத்தில் ஒரு சிறகு. மேலே வளைவு, கீழே ஏறக்குறைய தட்டை. ஒரு சிறுமி கண்ணை மூடி விரலால் தடவுகிறாள். விரல் விளிம்பில் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து.

கரும்பலகையில் நான்கு அம்புகள். எடை, தூக்குவிசை. உந்துவிசை, இழுவை. ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறக்கும்போது எடையும் தூக்குவிசையும் சமம். உந்துவிசையும் இழுவையும் சமம். யாரும் எதுவும் கேட்கவில்லை.

வெளியே தார்ச்சாலைமேல் காற்று நெளிகிறது. சூடான காற்று மெலிந்தது. சிறகுக்குப் பிடிமானம் குறைவு. இப்படிப்பட்ட மதியத்தில் எழும்ப விமானம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். கழுத்தில் வியர்வை இறங்குகிறது.

ஆல்பா. பிராவோ. சார்லி. வானொலியில் எழுத்தைச் சொல்லும் முறை. தங்கள் பெயர்களைப் பிள்ளைகள் அப்படிக் கூட்டிச் சொல்கிறார்கள். சிரிப்பு. பிறகு மின்விசிறி மட்டும்.

மேலே ஓர் ஒலி. தலைகள் சன்னல் பக்கம் திரும்புகின்றன. பாடம் நிற்கிறது. நிற்கட்டும்.

திருச்சிக்குப் போவதாக இருக்கலாம். அங்கே ஓடுதளம் கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. எண்கள் 09, 27. திசைமானியில் 90 பாகை, 270 பாகை; கடைசிச் சுழியம் இல்லை. விமானம் காற்றை எதிர்கொண்டு இறங்கும். மேல்காற்று வீசும்போது கிழக்கேயிருந்து வரும்.

இந்தப் பக்கத்தில் விமானம் என்றால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. வழியனுப்பப் போகும் வேன். கண்ணாடிக்கு வெளியே நிற்கும் அம்மா. அந்தப் பேச்சில் விமானத்தை ஓட்டுகிறவர் வருவதில்லை.

ஒட்டுப்பலகையில் செய்த விமானி அறை. இடப்பக்க இருக்கை தலைமை விமானிக்கு. ஒவ்வொருவராக உட்காருகிறார்கள். உட்கார்ந்ததும் முதுகு நிமிர்கிறது.

அடுத்து, திரும்புவது. விமானத்தைச் சாய்த்தால்தான் அது வளைந்து திரும்பும். சைக்கிள் மாதிரி, என்கிறார் பயிற்றுநர்.

ரைட் சகோதரர்கள் டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர்கள். ஓட்டுகிறவரே கணந்தோறும் சமநிலையைக் காக்க வேண்டும் என்பது அவர்களுக்குப் பழகிய விஷயம். 1903 டிசம்பர் 17, முதல் பறத்தல். 120 அடி. 12 விநாடி.

மூச்சு சில முறை வந்து போகிறது. அவ்வளவு நேரம்.

1991. இதே மாவட்டம். அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கம். எழுத்தோடு சைக்கிளும். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதை இயக்கத்தோடு சேர்க்கிறார். வயலிலும் குவாரியிலும் வேலை பார்க்கும் பெண்கள் பழகுகிறார்கள். பார்த்துச் சிரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். பெண்கள் விழுகிறார்கள், எழுகிறார்கள், மறுபடி ஏறுகிறார்கள். ஆண்கள் ஓட்டும் சைக்கிளே பலருக்குப் பிடிக்கிறது. குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம். கற்றவர்கள் லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு.

விமானம் வந்த வழியும் இதுதான் என்று தோன்றுகிறது. தோன்றி, போய்விடுகிறது.

சிறகைத் தடவிய சிறுமி சொல்கிறாள், அவளுடைய பாட்டியும் அப்போது பழகியவர். முழங்காலில் தழும்பு இருக்கிறதாம். வேறெதுவும் சொல்லவில்லை.

மாலை. மைதானம். பால்சா விமானங்கள் எழுகின்றன, சாய்கின்றன, புழுதியில் இறங்குகின்றன. மூக்கில் ஒரு துளி களிமண் ஒட்டி மறுபடி. கை விடுகிறது. கண் தொடர்கிறது.

இந்திய விமானிகளில் பெண்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. உலகின் மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று.

வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் ரூபாய் ஆகும். முகாமில் இதை ஒளிக்காமல் சொல்கிறார்கள். சொல்வதுதான் சரி. பிள்ளைகள் எழுதிக்கொள்கிறார்கள்.

மாணவ விமானி உரிமத்துக்கு வயது 16. பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவச் சான்றும் வேண்டும்.