ஒற்றை நாற்காலி

கொருக்குப்பேட்டையில் பழைய ஸ்பீக்கர் பைத்தியம் பிடித்த ஆண்கள் எந்தக் காலத்திலும் நாலைந்து பேராவது இருப்பார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ரயில்வே யார்டில் இருந்தவர், 1996இல் பின்னி ஆலை மூடியபோது வெறுங்கையோடு வீடு திரும்பியவர் என்று ஆள் மட்டும்தான் மாறும். 1985 மே மாதம் எரிந்துபோகும்வரை மூர் மார்க்கெட்தான் இவர்களுக்குக் கோயில். அதன் பிறகு அல்லிக்குளம், ரிச்சி தெரு, பர்மா பஜார். அங்கெல்லாம் கிடைக்காதது காயலான் கடையில் எடைக்குக் கிடைக்கும். செம்புக்கும் பித்தளைக்கும் நடுவே கிடக்கிற ஒரு பழைய ஃபிலிப்ஸ் ஸ்பீக்கரைத் தூக்கி, காகிதக் கூம்பை இரண்டு விரலால் மெல்ல உள்ளே அழுத்தி, காயில் எங்காவது உரசுகிறதா என்று காதை வைத்துக் கேட்பார்கள். கைக்குழந்தையின் நெஞ்சில் சளி கட்டியிருக்கிறதா என்று கேட்கும் பாட்டிகளிடம்தான் அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பித்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கு என்று நாள் முழுவதும் கத்துகிற உலகத்தில், செத்துப்போன பொருளை உட்கார்ந்து உயிர்ப்பிக்கிறவரிடம் ஏதோ ஒரு அறம் இருக்கிறது. கேள்வி வேறு. இத்தனை நுட்பமாகக் கேட்கப் பழகிய காது, வீட்டில் இருக்கிற இன்னொரு மனுஷியையும் நுட்பமாகக் கேட்கிறதா? நன்றாகக் கேட்கத் தெரிவது ஒரு மனிதரை நல்லவராக்குமா?

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். 1920களின் நடுவில் அமெரிக்காவில் ரைஸ், கெல்லாக் என்ற இருவர் வடிவமைத்த ஏற்பாடுதான் இன்றைக்கும் பெரும்பாலான ஸ்பீக்கர்களில் இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச் சுருள், அதோடு ஒட்டிய ஒரு கூம்பு. மின்னோட்டம் சுருளைத் தள்ளுகிறது, கூம்பு காற்றைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். பழையவற்றில் காந்தம் அல்நிகோ: அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்தது. 1978இல் ஆப்பிரிக்காவில், அன்றைக்கு ஸயர் என்று பெயர் கொண்டிருந்த நாட்டின் ஷாபா பகுதியில் சண்டை மூண்டு கோபால்ட் விலை எகிறியதும், நிறுவனங்கள் மலிவான ஃபெரைட்டுக்குத் தாவின. அல்நிகோவின் இனிமையைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் அந்தக் கோபால்ட்டைத் தோண்டியவர்களைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. கூம்பின் விளிம்பு ஃபோமால் ஆனதென்றால் பதினைந்து இருபது வருடத்தில் அப்பளம் போல உதிர்ந்துவிடும், நம் கடற்காற்றுக்கு இன்னும் சீக்கிரம். துணி விளிம்பு தாங்கும். பழசுதான் நல்லது என்ற பேச்சில் பாதி இந்த மாதிரி உண்மை. மீதிப் பாதி, அதை முதலில் கேட்ட வயதின் ஞாபகம்.

காசில்லாத இடத்தில் இந்தக் கலைக்கு ஒரு கிளை முளைத்தது. தேக்குப் பெட்டிக்கு வழியில்லாதவர்கள் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்துப் பொருத்தினார்கள். டீக்கடை, முடிதிருத்தகம், வீட்டுக் கூடம் என்று தமிழ்நாடு முழுக்க ஒரு காலத்தில் பானை பாடியது. பாட்டிலின் வாயில் ஊதினால் வருகிற அதே கனத்த ஒலிதான், பானைக்குள் அடைபட்ட காற்று தன் அளவுக்கேற்ற சுருதியில் அதிர்வதால் வருவது. அழகான கண்டுபிடிப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பானைக்கு அதற்கு முன்பும் ஒரு வாழ்க்கை இருந்தது. அடுப்படியில் தண்ணீரோ அரிசியோ இருந்த வரைக்கும் அதைத் தொட்டுப் பார்க்காத கை, கூடத்துக்கு வந்த பிறகு தினமும் துணி வைத்துத் துடைத்தது.

ஹை-ஃபை என்ற சுருக்கத்தின் விரிவுக்கு உயர்ந்த விசுவாசம் என்று பொருள். மூலக் குரலுக்கு ஒலி துரோகம் செய்யக்கூடாதாம். கற்பு என்ற சொல்லை நாம் எத்தனை நூற்றாண்டு சுமந்திருக்கிறோம் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்தப் பொழுதுபோக்கின் உலகளாவிய பேச்சில் இன்னொரு சொல்லும் உண்டு: மனைவி ஏற்புக் காரணி. 1983இல் ஸ்டீரியோஃபைல் என்ற அமெரிக்க இதழில் லாரி கிரீன்ஹில் எழுதியதிலிருந்து பரவியது என்பார்கள். ஒரு ஸ்பீக்கர் எத்தனை பெரிதாக, எத்தனை அசிங்கமாக இருந்தால் மனைவி தடுப்பாள் என்பதற்கான வேடிக்கை அளவுகோல் அது. வேடிக்கையை விட்டுவிட்டு அந்தச் சொல்லைப் பாருங்கள். அதில் பெண்ணுக்குக் கண் இருக்கிறது, காது இல்லை. அவள் கேட்கக்கூடும் என்பது அந்தக் கணக்கில் வரவேயில்லை.

இத்தனைக்கும் ஸ்டீரியோவின் பிறப்புக் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். லண்டனில் பொறியாளர் ஆலன் புளூம்லைன், பின்னாளில் தன் மனைவியான டோரீனோடு சினிமாவுக்குப் போயிருந்தபோது, திரையில் ஆள் ஒரு பக்கமும் குரல் ஒரு பக்கமுமாக வருவதைப் பார்த்து, குரலை ஆளின் பின்னால் போகச் செய்ய எனக்கு வழி தெரியும் என்று அவளிடம் சொன்னாராம். 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். டோரீன் அதற்கு என்ன பதில் சொன்னார் என்பது கதையில் இல்லை.

ஸ்டீரியோவுக்கு ஒரு வடிவகணிதம் உண்டு. இரண்டு ஸ்பீக்கரும் கேட்பவரும் முக்கோணத்தின் மூன்று முனைகள். அந்த மூன்றாவது முனையில் ஒரே ஒரு நாற்காலிதான் சரியாகப் பொருந்தும். அரை அடி தள்ளி உட்கார்ந்தால் பாடகி நடுவிலிருந்து ஒரு ஓரத்துக்கு நகர்ந்துவிடுவாள். எங்கள் பக்கத்து வீடுகளின் கூடம் பத்தடிக்குப் பத்தடி. அதில் முக்கோணத்தை வரைந்தால் மிச்சமிருப்பது அடுப்படிக்குப் போகிற வழி மட்டும்தான். சாயங்காலம் ஏழு மணிக்கு அந்த நாற்காலியில் ஒருவர் கண்ணை மூடி உட்காரும்போது, மிக்சி ஓடக்கூடாது, குக்கர் விசில் வரக்கூடாது, பிள்ளைகள் கத்தக்கூடாது. இரவு பத்து மணிக்கு மேல் பொது இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஏழு மணிக்குக் கூடத்தில் நிலவ வேண்டிய அமைதிக்கு எந்த அரசாணையும் இல்லை, அதை ஒருத்தி உற்பத்தி செய்கிறாள். தேங்காயை முன்கூட்டியே அரைத்து வைக்கிறாள், பிள்ளையை மாடிக்கு அனுப்புகிறாள், பாத்திரத்தை மெதுவாக வைக்கிறாள். இசைக்குப் பின்னணியில் இருக்க வேண்டியது மௌனம் என்று அழகியல் நூல்கள் எழுதுகின்றன. அந்த மௌனத்துக்குக் கூலி உண்டா என்று அவை கேட்பதில்லை.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை எனக்கே தேவைப்படுகிறது. மூட்டை தூக்கியும் கரி வண்டியில் நின்றும் எட்டு மணி நேரம் இரைச்சலில் கிடந்த ஒரு தொழிலாளி, மாலையில் ஒரு மணி நேரம் தன் காதுக்கு நல்லது செய்துகொள்வதைக் குற்றமாக எழுதினால் அது பெண்ணியம் ஆகாது. லட்சங்களைக் கொட்டி அறையையே ஒலிக்காகக் கட்டுகிறவரும், காயலான் கடையில் நூறு ரூபாய்க்கு வாங்கிய கூம்புக்குக் காகிதம் ஒட்டுகிறவரும் ஒன்றல்ல. கொருக்குப்பேட்டை ஆளுக்கு அழகை எவரும் இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. அவர் அதைக் குப்பையிலிருந்து பொறுக்கிச் செய்துகொண்டார். அதனால்தான் கேள்வி கூர்மையாகிறது. ஓய்வு என்பது எத்தனை அரிய பொருள் என்று தெரிந்த ஒருவர், அது இன்னொருத்திக்குக் கிடைக்கவேயில்லை என்பதைப் பார்க்காமல் எப்படி இருக்கிறார்?

பெண்களுக்கு இந்தப் பொருள்களோடு உறவே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். பழைய வால்வு ஆம்பிளிஃபயர் பிரியர்கள் சாமி படம் போல வைத்திருப்பது இங்கிலாந்தின் பிளாக்பர்னில் முல்லார்ட் ஆலையில் தயாரான வால்வுகளை. அந்த மேசைகளில் உட்கார்ந்து தலைமுடி போன்ற கம்பிகளைப் பொருத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொறுமையும் மெல்லிய விரல்களும் வேண்டும் என்று சொல்லி அவர்களை எடுத்தார்கள். சம்பளம் அந்தப் பொறுமைக்கேற்ப இல்லை.

நம் தெருவில் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் ஒலிபெருக்கி வருகிற முதல் நாள் எது என்று யோசித்துப் பாருங்கள். சடங்கு. வயசுக்கு வந்த பிள்ளையைப் பட்டுப்புடவை கட்டி உட்கார வைத்து, வாசலில் குழாய் ஸ்பீக்கர் கட்டி, அவள் உடம்பில் நடந்ததை ஒலிபெருக்கி போட்டு ஊருக்குச் சொல்வார்கள். மைக் செட்காரர் எந்தப் பாட்டை முதலில் போடுவார் என்றுகூட எங்களுக்குத் தெரியும். என் வகுப்பில் இதைப் பேசியபோது பின்வரிசை மாணவி ஒருத்தி, அன்றைக்கு யாராவது அந்த வயரைப் பிடுங்கமாட்டார்களா என்று இருந்தது மிஸ் என்றாள். வகுப்பு சிரித்தது, பிறகு சிரிப்பு நின்றது. ஒலி பெருக்கப்படுவதும் குரல் கேட்கப்படுவதும் ஒன்றல்ல என்று அவளுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையிருக்கவில்லை.

தமிழ் படித்தவள் என்பதால் இந்தப் பேச்சில் எனக்கு இன்னொரு துறைமுகம் நினைவுக்கு வருகிறது. சிலப்பதிகாரத்தில் கானல்வரி. புகார்க் கடற்கரையில் மாதவி யாழைத் தொழுது வாங்கி, சுருதி கூட்டி, கோவலன் கையில் கொடுக்கிறாள். அவன் பாடுகிறான். அவன் பாட்டில் வேறு யாரோ இருக்கிறாள் என்று எண்ணி, தானும் வேறு குறிப்பு உடையவள் போல அவள் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். கோவலன் காது சாதாரணக் காது இல்லை, யாழிசையில் தேர்ந்த காது. ஒரு நரம்பு பிசகினாலும் அவனுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் காதுதான் ஒருத்தியின் பாட்டைக் கேட்டு அவளைக் கேட்காமல் போனது. இருவருமே ஒருவர் பாட்டை மற்றவர் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டார்கள், அதில் சமம். எழுந்து போக முடிந்தது ஒருவருக்கு மட்டும்.

ஆகவே நுட்பமான காது தன்னளவில் அறம் ஆகாது. அது ஒரு திறமை, கத்தியைச் சாணை பிடிப்பது போல. ஆனால் அங்கேயே நின்றுவிடவும் எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் ஆழ்ந்து கேட்பதை ஆண்களின் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். எங்கள் அம்மாக்கள் இலங்கை வானொலியைக் கேட்டார்கள். ராஜேஸ்வரி சண்முகத்தின் குரலைத் தங்கள் அக்காள் குரல் போல அடையாளம் சொல்வார்கள். ஆனால் எப்போதும் கையில் வேலை இருந்தது. மாவு அரைக்கையில் வந்த பாட்டு, குழாயடியில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த பாட்டு, பாதியில் பால் பொங்கியதால் முடிவு தெரியாமல் போன பாட்டு. இதைக் கவனமற்ற கேட்டல் என்று தள்ளுகிறவர்களோடு நான் உடன்படமாட்டேன். அதில் ஒரு தனி ருசியும் தனி ஞாபகமும் உண்டு. அது அவர்களே தேர்ந்துகொண்டதாக இருந்திருந்தால் எனக்குப் புகாரே இல்லை.

கொருக்குப்பேட்டையில் ரயில் ஏறினால் வண்ணாரப்பேட்டை, ராயபுரம், அடுத்தது கடற்கரை. இறங்கி நடக்கிற தூரத்தில் ஜார்ஜ் டவுன். 1938இல் மறைந்த வீணை தனம்மாள் அங்கே தன் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வாசிப்பார். ஒலிபெருக்கி கிடையாது. வீணையின் நாதமோ மெல்லியது, எட்டி உட்கார்ந்தவர் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். பெரிய பெரிய வித்வான்கள் வந்து சத்தமில்லாமல் உட்கார்ந்து கேட்டுப் போனார்கள். தேவதாசி மரபில் வந்த, பார்வை மங்கிய ஒரு பெண்ணின் முன்னால் ஆண்கள் மௌனத்தை உற்பத்தி செய்த அறை அது. ஒலியைப் பெருக்குவதால் வராத ஒரு அதிகாரம் அந்த மெல்லிய நாதத்துக்கு இருந்தது.

எங்கள் தெருவில் ஒரு அம்மாவின் கணவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அவர் விட்டுப்போன ஸ்பீக்கர் ஜோடியை நல்ல விலைக்குக் கேட்டு ஆள் வந்தார்கள், அவர் கொடுக்கவில்லை. முக்கோணத்தைக் கலைத்துவிட்டார். ஒன்று கூடத்தில் பழைய இடத்திலேயே இருக்கிறது, இன்னொன்று அடுப்படி வாசலில் முறுக்கு டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நாற்காலி மொட்டைமாடிக்குப் போய்விட்டது. போன மாதம் போனபோது தரையில் காலை நீட்டி, கையில் எந்த வேலையும் இல்லாமல், கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பாட்டு வாசலில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தம் வைக்கலாமே என்றேன்.

“வேணாம் டீச்சர்” என்றார் கண்ணைத் திறக்காமல். “தண்ணி லாரி வந்தா காதுல வுழணும் இல்ல?”