ஊராரின் சாட்சியம்

ஒரு நகரத்தைப் பற்றிய உண்மையை ஆராய்ந்து சொல்லும் உரிமை யாருக்கு உரியது? கருவிகளைக் கையாளும் அறிஞருக்கா, அந்நகரில் வாழ்ந்து அதன் நீரை அன்றாடம் குடிக்கும் மக்களுக்கா? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்துப் பிளின்ட் நகரில் நிகழ்ந்தது இவ்வகையில் சிந்திக்கத் தக்கது.

2014 ஏப்ரலில், செலவைக் குறைக்கும் பொருட்டு, டெட்ராய்ட்டிலிருந்து வந்த குடிநீர் நிறுத்தப்பட்டுப் பிளின்ட் ஆற்று நீர் வழங்கப்பட்டது. குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்து அதில் சேர்க்கப்படவில்லை. நீரின் நிறம் மாறிற்று, நாற்றம் வீசிற்று, பலருடைய மேனியில் தடிப்புகள் தோன்றின. மக்கள் முறையிட்டனர். நீர் தீங்கற்றதே என்று அதிகாரிகள் மறுமொழி கூறினர். ஆனால் அவ்வாண்டு அக்டோபரிலேயே, இயந்திர உறுப்புகள் அரிக்கப்படுவதைக் கண்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை அந்நீரைக் கைவிட்டது. இரும்புக்குக் கிடைத்த பரிவு குழந்தைகளுக்குக் கிட்ட மேலும் ஓராண்டு ஆயிற்று!

2015-இல் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 300 சோதனைப் பெட்டிகளை அனுப்பினர். ஊராரே அவற்றை வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தனர். ஆறு மணி நேரமேனும் குழாயைத் திறவாதிருந்து, பின்னர் வரும் முதல் நீரைப் பிடித்துத் தந்தனர். 250-க்கும் மேற்பட்ட பெட்டிகள் திரும்பின. நூறு கோடிப் பங்கு நீரில் 15 பங்கு ஈயம் என்பது அப்போது அந்நாட்டில் நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவாக இருந்தது. சோதித்த வீடுகளில் பத்தில் ஒன்றில் அது 25-ஐக் கடந்திருந்தது. குழந்தைகளின் இரத்தத்திலும் ஈயம் மிகுந்து வருவதை மருத்துவர் மோனா ஹன்னா அட்டிஷா எடுத்துக்காட்டினார். அக்டோபரில் டெட்ராய்ட் நீர் மீண்டும் வந்தது.

சினம் மட்டும் சான்றாகிவிடாது. அளவுகோலும், எங்கே அளக்க வேண்டும் என்பதைத் தானே அறியாது. இரண்டும் கைகோத்தபோதே மக்களின் முறையீடு மறுக்கவொண்ணாத சாட்சியமாயிற்று.

எனினும் இக்கூட்டுறவில் ஓர் அறப்பொறுப்பு அடங்கியுள்ளது. மக்கள் தம் வீட்டுக் கதவைத் திறந்து தரும் செய்தி, ஆய்வாளரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைக்கொண்டு பட்டமும் புகழும் பெற்று, முடிவை உரியவர்க்குச் சொல்லாது செல்வது நம்பிக்கைக்கு இழைக்கும் துரோகமன்றோ? “இதன் பயன் யாருக்கு? முடிவு எங்களிடம் எப்போது வரும்?” என்று தொடக்கத்திலேயே கேட்பது ஊராரின் உரிமை. விடை சொல்லாத ஆய்வு எத்துணை நுட்பமானதாயினும், அது அவ்வூரின் அறிவாகாது.