உயிர் வரைவோன் ஊதியம்

கைத்தொழில் எதுவாயினும் அதனால் வரும் காசு தூயதா என்று கேட்டறிவது இறையச்சமுடையோர் இயல்பு. கொரட்டூரில் என்னிடம் முன்பு ஓதிய மாணவர் ஒருவர் அத்தகைய வினாவொன்றுடன் என் இல்லம் வந்தார். அவருடைய தந்தையார் திரைப்படப் பேனர் வரைந்தவர். பிளக்ஸ் அச்சு வந்ததும் அத்தொழில் நலிந்தது. மகனோ அதே தூரிகையால், மக்கள் வளர்க்கும் நாய், பூனை, கிளி ஆகியவற்றைப் புகைப்படம் பார்த்து வரைந்து கொடுத்துப் பிழைக்கிறார். "ஹஜ்ரத், இந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சோறு போடலாமா?" என்றார்.

நான் தயங்காமல் விடை பகர்ந்தேன். ஓவியமே பிழைப்பாகக் கொண்ட ஒருவர் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடம் இதையே கேட்க, அவர்கள் உருவம் வரைவோர்க்குரிய எச்சரிக்கையை உரைத்து, மரங்களையும் உயிரற்றவற்றையும் வரையச் சொன்ன செய்தி புகாரியில் உள்ளது. அதனைக் கூறினேன். அவர் மறுபேச்சின்றி எழுந்து போனார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. உயிருருவம் வரைதல் கூடாதென்பதே பெரும்பாலான சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. நிழல் விழாத படங்களை வெறுக்கத்தக்கவை என்ற அளவில் நிறுத்தியோர் மாலிக்கி மத்ஹபில் உண்டு. இந்த இரண்டாவது கருத்தை நான் அவரிடம் சொல்லவேயில்லை. அறிந்ததில் பாதியை மறைத்து முழுத் தீர்ப்பு வழங்குவது அறிவுக்கு அறமாகுமா?

மொகலாயர் வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1621ஆம் ஆண்டு ஜஹாங்கீர் அவைக்கு வரிக்குதிரை ஒன்று வந்தது. அதன் கோடுகளை யாரோ தீட்டியிருப்பர் எனச் சிலர் ஐயுற்றனர். ஆராய்ந்து பார்த்த பின்னரே, அது படைத்தவனின் கைவண்ணம் என்று தெளிந்தனர். 'நாதிருல் அஸ்ர்' எனப் பட்டம் பெற்ற உஸ்தாத் மன்சூர் அதனை ஓவியமாக்கினார். அவ்வோவியம் இன்றும் இலண்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. 'அல்முஸவ்விர்', உருவமைப்போன், என்பது அல்லாஹ்வின் திருநாமங்களுள் ஒன்று. மனிதன் தீட்டியது நகலே என்றுணர்ந்தவனிடம் பணிவு பிறக்கும். "நீர் உயிர் கொடுத்துவிட்டீர்" என்ற புகழுரையில் மயங்குபவனையோ அந்த எச்சரிக்கை நேராகவே தொடுகிறது.

எனினும் என்னை உறுத்தியது வேறொன்று. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் ஒரு வாயிலை அடைக்கும்போதே மற்றொன்றைத் திறந்து காட்டினார்கள். நானும் மரம் வரையச் சொன்னேன். ஆனால் மரத்தின் படத்தை வாங்குவோர் யார் என்று ஒரு கணமும் எண்ணவில்லை. தடை சொல்பவனுக்குச் செலவில்லை. அதைச் சுமப்பவன் வீட்டில்தான் அடுப்பு அணைகிறது. பிறர் கையிலிருக்கும் சோற்றுக் கவளத்தைப் பற்றிப் பேசும் நாவுக்கு, அந்தப் பசியில் பங்கேற்கும் கடமை இல்லையா?

மறுநாள் அவர் வீட்டுக்குச் சென்றேன். இரு கருத்துகளையும் மறைக்காமல் உரைத்தேன். பேணுதல் எதுவென்றும், என் மனம் எப்பக்கம் சாய்கிறதென்றும் சொன்னேன். "தம்பி, முடிவு உம்முடையது. நம் கொரட்டூர் ஏரியையும் அதன் கரை மரங்களையும் வரைந்து பாரும். முதல் படத்தை நான் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "என்ன விலை தருவீர்கள், ஹஜ்ரத்?" என்று கேட்டார். ஒரு நாய்ப் படத்துக்கு அவர் பெறும் கூலி எவ்வளவென்று அப்போதுதான் நான் முதன்முறையாகக் கேட்டறிந்தேன்.